தும்பைக்காட்டுப்புதூர்க்காரர்கள் பேட்டரி காத்த கதை

சத்தியமங்கலத்துப் பக்கம் மலையடிவாரத்தில் தும்பைக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தேடிப் போகாதீர்கள். வழி கேட்டால் தங்களுக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். உங்களுக்கு எந்த வழி வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷமாக அந்த ஊருக்குப் பால் வண்டி ஓட்டுகிறேன், அவர்கள் வீட்டுக் காப்பியைக் குடித்திருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் கண்டக்டர் "கம்பிய விடாதீங்க" என்று சொன்னதற்காக, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மைசூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் சென்னியப்பன். வெளிமாநிலம் பார்த்துவிட்டு வந்தவர் என்று ஊரே கூடி அவரைப் பால் சொசைட்டித் தலைவராக்கியது.

ஊருக்கு மேற்கே, காட்டை ஒட்டி, மயிலாத்தாளின் வாழைத் தோட்டம். நேந்திரன், முந்நூறு தார். போன வருஷம் வெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூன்று யானைகள் இறங்கி வந்து, தாரைத் தின்று, தண்டையும் தின்று, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயின. அன்றைக்கு மயிலாத்தாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருப்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான். "இந்த வருசமும் போச்சுன்னா வித்துப்போட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிருவேனுங்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் பெட்டி வந்தது. யானை வரும் தடத்தில் நான்கு மரங்களில் நான்கு பெட்டிகள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். யானை மாதிரி கனமாக எது நடந்தாலும் பெட்டி விழித்துக்கொண்டு, கம்பி ஏதும் இல்லாமல், காற்றிலேயே அடுத்த பெட்டிக்குச் செய்தி சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் பால் சொசைட்டிக் கூரைமேல் சைரன் அலறும். முதல் பெட்டி என்றால் ஒரு தடவை, இரண்டாம் பெட்டி என்றால் இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் பெட்டி சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தூங்கினால் உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு வருஷம் வரும் என்றார்கள்.

பதினொரு நாளில் தீர்ந்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து சுகிர்தா என்ற இன்ஜினியர் பெண் வந்து பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தாள். சொசைட்டி வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து விவரம் சொன்னாள். நானும் பால் கேன் ஏற்றிக்கொண்டே கேட்டேன்.

"காட்டுல மரம் கடத்தற ஆள் எவனோ இதைப் பண்றான். அவன் லாரி போனாலும் பெட்டி கத்திடுது இல்லையா, அதான். ஒரு கருவிய வெச்சுக்கிட்டு, மலைமேல உக்காந்து, 'இருக்கியா, இருக்கியா'ன்னு பெட்டிய விடாம கூப்பிடறான். ஒவ்வொரு தடவையும் பெட்டி முழிச்சு, 'இருக்கேன்'னு பதில் சொல்லுது. பதில் சொல்லிச் சொல்லியே பேட்டரி செத்துப்போச்சு."

"பதில் சொல்லாம இருக்கக் கூடாதுங்களா, அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன். இனிமே ஒரு ரகசியச் சொல்லைச் சொன்னாத்தான் பெட்டி பதில் சொல்லும். யாரும் ஊகிக்க முடியாத சொல்லா ஒண்ணு சொல்லுங்க."

"யானை," என்றான் நஞ்சப்பன். சொசைட்டியில் பால் அளக்கிறவன்.

"அது எல்லாருக்கும் தெரியுமே," என்றாள் அவள்.

"கத்திரிக்காய்," என்றாள் மயிலாத்தாள். மத்தியானக் குழம்பு நினைப்பில் இருந்திருப்பாள் போலிருக்கிறது.

அதையே வைத்தார்கள். சுகிர்தா புதுப் பேட்டரிகளைப் போட்டு, கிளம்பும்போது இன்னும் மூன்று விஷயம் சொன்னாள். கையில் இருந்த கடைசி நாலு பேட்டரி இவைதான், அடுத்தது வர ஒரு மாசம் ஆகும். ரகசியச் சொல்லை யாரும் மறந்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மட்டும் பெட்டியில் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம். பேட்டரி நிறைய இருந்தால் பச்சை விளக்கு, பாதியானால் மஞ்சள், தீரப்போகிறது என்றால் சிவப்பு.

மயிலாத்தாளின் தாரை ஏற்ற வியாபாரி லாரி வர எட்டு நாள் இருந்தது. எட்டே நாள் பேட்டரியைக் காப்பாற்றினால் போதும். சின்னப் பிள்ளைகூடக் காப்பாற்றிவிடும். ஆனால் அந்தப் பொறுப்பைச் சென்னியப்பன், நஞ்சப்பன், நஞ்சப்பனின் மச்சான் அங்கமுத்து, மயிலாத்தாள் ஆகிய நான்கு பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் நாள், ரகசியச் சொல்லை மறக்காமல் இருப்பது எப்படி என்று ஆலோசித்தார்கள்.

"எனக்குக் காலைல சொன்னது மத்தியானம் மறந்துருமுங்க," என்றான் அங்கமுத்து. அவனிடம் உள்ள ஒரே நல்ல குணம் உண்மையை ஒப்புக்கொள்வது.

"எனக்கு மறக்காது. ஆனா எதை மறக்கக் கூடாதுன்னு மறந்துரும்," என்றான் நஞ்சப்பன்.

"அப்ப எங்காச்சும் எழுதி வெக்கோணும்," என்றார் தலைவர். "காகிதத்துல எழுதுனா தொலைஞ்சு போகும். தொலையாத எடமாப் பாக்கோணும்."

ஊரிலேயே தொலையாத பொருள் தண்ணீர்த் தொட்டிதான். மேற்கு மேட்டில், காட்டின் ஓரத்தில், நான்கு தூண்மேல் நிற்கிறது. அன்று சாயங்காலம் நான் போகும்போது, ஏணி போட்டு, நீலப் பெயின்டில், ஆளுயர எழுத்தில் 'கத்திரிக்காய்' என்று எழுதி முடித்திருந்தார்கள். கீழே கொஞ்சம் சின்னதாக 'இது ரகசியம்' என்றும் எழுதியிருந்தது.

"ஏனுங்க தலைவரே, இத மெயின் ரோட்டுல போறவனெல்லாம் படிப்பானே!" என்றேன்.

"அதுக்குத்தானுங்க ரகசியம்னு கீழ போட்டிருக்குது," என்றார். "படிச்சவன் வெளிய சொல்ல மாட்டானுங்."

மறுநாளே ஒருவன் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தொட்டியைப் பார்த்துப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் ஏதோ கருவியைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தான். நம் ஆட்கள் பூரித்துப்போனார்கள். அங்கமுத்துவின் எழுத்து அழகை வெளியூர்க்காரரும் மெச்சுகிறார் என்று நினைத்து, அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து காவல். காட்டோரம் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது தலைவர் உத்தரவு. அதனால் நான்கு பேரும் சேர்ந்தே போனார்கள். முதல் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள்.

"இப்பச் சந்தேகம் இருக்குதுங்களா?" என்று நஞ்சப்பன் கேட்டான்.

"இல்ல," என்றார் தலைவர்.

"கொஞ்சங்கூட இல்லீங்களா?"

தலைவர் யோசித்தார். "நீ ரெண்டாவது தடவ கேட்டதுல கொஞ்சம் வந்துருச்சு."

பொத்தானை அமுக்கினார்கள். பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. நால்வருக்கும் நிம்மதி.

"இப்பங்க?"

"வெளக்கு எரியற வரைக்கும் இல்ல. அணைஞ்சதும் மறுக்கா வந்துருச்சு."

மறுபடியும் அமுக்கினார்கள். இப்படியே சந்தேகம் தீரும்வரை அமுக்குவது என்று முடிவாயிற்று. சந்தேகம் தீரவில்லை. மத்தியானச் சோற்றை மயிலாத்தாள் அங்கேயே தூக்குப் போசியில் கொண்டுவந்தாள். இடது கையால் அமுக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட தெம்பில் இரண்டாம் பெட்டிக்கு நடந்தார்கள். தலைவர் "லெப்ட், ரைட்" சொல்ல, நான்கு பேரும் ஒரே சமயத்தில் காலைத் தூக்கி ஒரே சமயத்தில் வைத்தார்கள். மண்ணுக்குள் இருந்த கம்பிக்கு அது யானையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். சொசைட்டிக் கூரையில் சைரன் இரண்டு தடவை அலறியது.

"ரெண்டாம் பெட்டீல யானை!" என்று அங்கமுத்து கத்தினான்.

"நாம ரெண்டாம் பெட்டிகிட்டத்தான நிக்கறோம்?"

"அப்ப யானையும் இங்கதான் இருக்கோணும்."

நாலாபக்கமும் பார்த்தார்கள். யானை இல்லை. மரத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். நஞ்சப்பன் ஒரு கல்லைப் புரட்டிக்கூடப் பார்த்தான். பிறகு பயந்து மூன்றாம் பெட்டியை நோக்கி ஓடினார்கள். சைரன் மூன்று தடவை அலறியது.

"நம்ம பின்னாலயே வருதுங்கோவ்!" என்று மயிலாத்தாள் தலையில் கைவைத்தாள்.

நான்காம் பெட்டிக்கு ஓடினார்கள். நான்கு தடவை. திரும்ப முதல் பெட்டிக்கு ஓடினார்கள். ஒரு தடவை. அன்று இருட்டும் வரைக்கும் தங்கள் காலுக்குத் தாங்களே தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், அதுவரைக்கும் புத்திசாலித்தனம்.

நான்காம் நாள் நான்கு பெட்டியிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எட்டு நாள்ல பாதி நாள் போயிருச்சு, பேட்டரீலயும் பாதி போயிருச்சு. கணக்கு சரியாத்தான இருக்குது?" என்றான் அங்கமுத்து.

"சரியா இருக்கறதுதாண்டா பயமா இருக்குது," என்றார் தலைவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எத்தன தடவைங்க அமுக்குனீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து ஒருநாள் மட்டும் எண்ணூத்திச் சொச்சமுங்க."

"அட தெய்வமே! அவன் கூப்பிட்டாலும் பேட்டரி தீருது, நீங்க கூப்பிட்டாலும் தீருது. நீங்கதான் தீக்கறீங்க!"

நான்கு பேரும் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்கள். "பால்காரண்ணா," என்று நஞ்சப்பன் நிதானமாக விளக்கினான், "அவன் தீக்கறதுக்காகக் கூப்பிடறானுங். நாங்க தீராம இருக்குதான்னு பாக்கறதுக்காகக் கூப்பிடறமுங். ரெண்டும் ஒண்ணாகுங்களா?"

இந்தக் கணக்குக்கு என் படிப்புப் போதாது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மயிலாத்தாளுக்குத்தான் உண்மையான கலக்கம். தோட்டத்தில் தார்கள் திரண்டு, முட்டுக் கொடுத்த கம்புகள் வளைந்து நின்றன. அவள் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, ஐந்தாம் நாள் காலை சொசைட்டி வாசலில் கண்ணீரோடு நின்றாள். "ஏதாச்சும் பண்ணுங்கண்ணா. வெளக்கு செவப்பாயிட்டா என் பொழப்பும் செவப்புதானுங்."

சென்னியப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். மைசூர் வரைக்கும் போன மூளை சும்மா இருக்குமா?

"பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கறதாலதான அவன் தீக்கறான்?"

"ஆமாங்."

"பேட்டரிய வெளிய எடுத்துப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா?"

அங்கமுத்து தலைவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அரை மணி நேரத்தில் நான்கு பேட்டரியும் சொசைட்டி பீரோவுக்குள் போய்விட்டன. "இனி எத்தன வருசமானாலும் தீராதுங்க," என்று என்னிடம் சாவியை ஆட்டிக் காட்டினார்கள். மயிலாத்தாள் மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாளாம்.

மலைமேல் உட்கார்ந்திருந்த கடத்தல்காரனுக்கு இது தெரியாது. கத்திரிக்காய் சொன்னால் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெட்டிகள் திடீரென்று வாயை மூடிவிட்டன. செத்துவிட்டனவா, சொல்லை மாற்றிவிட்டார்களா என்று அவனுக்கும் சந்தேகம். விடாமல் கூப்பிட்டான். ஐந்தாம் நாள் கூப்பிட்டான், ஆறாம் நாள் கூப்பிட்டான், ஏழாம் நாள் காலையில் அவன் கருவியின் பேட்டரி தீர்ந்துபோயிற்று.

மத்தியானம் மோட்டார் சைக்கிளில் சொசைட்டி வாசலுக்கே வந்து இறங்கினான். இங்கேதான் பேட்டரி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் கடைக்குக் கடை கேட்டு அலுத்து, கடைசியாக இங்கே வந்திருக்கிறான்.

"என் கருவி நின்னுபோச்சுங்க. பேட்டரி ஏதும் கெடைக்குமா?"

"என்ன கருவிங்க அது?" என்றார் சென்னியப்பன்.

"கூப்பிடற கருவி. ரெண்டு நாளாக் கூப்பிடறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க," என்றான் அவன், நிஜமான வருத்தத்தோடு.

மயிலாத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. "அடப் பாவமே. ரெண்டு நாளாக் கூப்பிட்டும் பேசாம இருக்கறதா? அப்படி என்னங்க கல்நெஞ்சு? குடுத்துருங்கண்ணா."

தலைவர் அவசரப்படவில்லை. "பேட்டரி இருக்குது. ஆனா கண்டவங்களுக்குத் தர மாட்டமுங். அதுக்கு ஒரு சொல் இருக்குது. சொன்னாத்தான் பீரோ தொறக்கும்."

அவன் ஜன்னல் வழியாக மேட்டுத் தொட்டியைப் பார்த்தான். "கத்திரிக்காய்," என்றான்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பீரோவைத் திறந்து நான்கு பேட்டரியையும் துணியில் துடைத்துக் கொடுத்தார்கள். அவன் மலைக்குத் திரும்பிப் போய், பெட்டிகளுடைய பேட்டரியைத் தன் கருவியில் போட்டுக்கொண்டு, பேட்டரி இல்லாத பெட்டிகளைக் கூப்பிட ஆரம்பித்தான். புதூர் மோரைக் குடித்தவன் அல்லவா, அவனையும் குறை சொல்லிப் பயனில்லை.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டதும் நான் கத்தியே விட்டேன். "அவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அவன்தான் அந்தக் கடத்தல்காரன்!"

"யாரா இருந்தா என்னங்க," என்றார் தலைவர். "சொல்லைச் சரியாச் சொன்னாரு."

மயிலாத்தாளுக்கு மட்டும் முகம் வெளுத்தது. மேற்கே மலையில் யானை பிளிறும் சத்தம் அப்போதே கேட்டது. காலை பத்து மணிக்கு லாரி வந்துவிடும். அதுவரைக்கும் என்ன செய்வது? பேட்டரி போய்விட்டது, பெட்டி வெறும் டப்பா. கோபத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "அந்தப் பெட்டி செய்யற வேலைய இனி நீங்களேதான் செய்யோணும்!"

சொல்லியிருக்கக் கூடாது.

விடியும்போது பால் எடுக்க வந்த நான் தொட்டி மேட்டு வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நான்கு மரத்தடியிலும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். முதல் மரத்தில் அங்கமுத்து, இரண்டாவதில் நஞ்சப்பன், மூன்றாவதில் தலைவர், தோட்டத்துக்குப் பக்கத்து மரத்தில் மயிலாத்தாள். ஒருவரும் அசையவில்லை. பெட்டி அசையாது அல்லவா?

அப்போது காட்டிலிருந்து மூன்று யானைகள் வெளியே வந்து தொட்டிக்கு அடியில் நின்றன. அங்கமுத்து விழித்துக்கொண்டு, முறைப்படி இரண்டாம் பெட்டியிடம் ஓடினான்.

"மச்சான், யானை!"

நஞ்சப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சொல்லைச் சொல்லு. அதச் சொன்னாத்தான் நான் பதில் சொல்லுவேன்."

"என்ன சொல்லு?"

"ரகசியச் சொல்லு."

"அது எனக்கெங்கடா ஞாபகம்? ஞாபகம் வெச்சுக்க வேண்டாமுன்னுதான தொட்டீல எழுதுனோம்!"

"அப்பப் போயிப் படிச்சுட்டு வா."

"அங்க யானை நிக்குது!"

"அது தொட்டிக்குக் கீழதான நிக்குது? எழுத்து மேலதான இருக்குது?"

நியாயம்தான் என்று அங்கமுத்துவுக்குப் பட்டது. தொட்டியை நோக்கி ஓடினான். அவன் சரியாகப் படிக்கிறானா என்று பார்க்க நஞ்சப்பன் பின்னாலேயே ஓடினான். இரண்டு பெட்டி ஓடுவதைப் பார்த்த தலைவர், பெட்டிகள் வரிசையாக இருக்க வேண்டும் என்று தானும் ஓடினார். கடைசியில் மயிலாத்தாள், "எந் தாரு! எந் தாரு!" என்று ஓங்கிக் கத்திக்கொண்டு, கையில் வாழை வெட்டும் அரிவாளோடு எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினாள். நால்வரும் யானைகளுக்கு நேராக ஓடி, தலையை அண்ணாந்து, மலையே எதிரொலிக்கும்படி எழுத்துக் கூட்டினார்கள்.

"க! த்! தி! ரி! க்! கா! ய்!"

அந்த யானைகள் பிறந்ததிலிருந்து தங்களைக் கண்டு ஓடுகிற மனிதர்களைத்தான் பார்த்திருந்தன. தங்களை நோக்கி ஓடிவருகிற மனிதர்களை, அதுவும் தங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக் கத்துகிறவர்களை, அன்றைக்குத்தான் பார்த்தன. பெரிய யானை ஒரு அடி பின்வாங்கியது. பிறகு மூன்றும் திரும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு, காட்டுக்குள் ஓடின. எதிரே, பெட்டிகள் செத்துவிட்டன என்று நம்பி மரம் ஏற்றிக்கொண்டு இறங்கிவந்த கடத்தல் லாரி அவற்றின் வழியில் வந்து மாட்டியது. அதில் இருந்தவர்கள் குதித்து ஓடியதை வனக்காவலர்கள் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு நான் கேட்டது கண்ணாடி உடையும் சத்தம் மட்டுந்தான்.

மயிலாத்தாள் தொட்டித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அழுகையே வேறு. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

தலைவர் மட்டும் அழவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா பால்காரண்ணா, அந்த அம்மிணி சொன்னப்ப நான்கூட முழுசா நம்புல. என்ன சக்தியான சொல்லுங்க அது! படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடிப்போச்சுங்களே!"

நான் பாலை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போய்த் திரும்பும்போது மணி பத்தரை. மேட்டுப்பாளையத்து வியாபாரி லாரியோடு வந்து தோட்டத்து வாசலில் திகைத்து நின்றுகொண்டிருந்தார். மீதியிருந்த நீலப் பெயின்டில், முந்நூறு தாரிலும், ஒரு தார் விடாமல், அங்கமுத்துவின் அழகான கையெழுத்து.

"ஏனுங்க, வாழத்தாருன்னுதான போன் பண்ணுனீங்க?" என்றார் வியாபாரி. "எல்லாத்துலயும் கத்திரிக்காய்னு எழுதி வெச்சிருக்குதே?"

நான்கு பேரும் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்கள்.

"மெதுவாப் படிங்க சாமி," என்றார் சென்னியப்பன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. "அது ரகசியம்."